இன்டெக்ஸைச் சுருக்கி அனுப்பினால் ரெப்ளிகேஷன் ஏன் மெதுவாகிறது?

உங்கள் கேள்வியை முதலில் நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருள் ஓடும் ஒரு லீடர் சர்வர். அதிலிருந்து இன்டெக்ஸை, அதாவது தேடலுக்கான அட்டவணையை, இழுத்து நகல் வைத்துக்கொள்ளும் (இதுதான் ரெப்ளிகேஷன்) மூன்று ஃபாலோயர்கள், இரண்டு அதே டேட்டா சென்டரில் 1 கிகாபிட் நெட்வொர்க்கில், மூன்றாவது வேறு ஊரில் 100 மெகாபிட் லைனில். இன்டெக்ஸ் சுமார் 20 ஜிபி, ஒவ்வொரு தடவையும் அது முழுவதும் போகிறது. ரெப்ளிகேஷன் இழுத்தடிக்கிறது என்று கம்ப்ரஷன் அமைப்பில் 'இன்டர்னல்' போட்டீர்கள். பக்கத்து சர்வர்கள் இரண்டும் முன்பைவிட மெதுவாகிவிட்டன, தூரத்து சர்வர் மட்டும் கொஞ்சம் முன்னேறியது. சுருக்கினால் வேகம் கூடத்தானே வேண்டும் என்கிறீர்கள்.

உங்கள் கணக்கில் தப்பில்லை, பொருளில்தான் சிக்கல். நீங்கள் அனுப்புவது டெக்ஸ்ட் அல்ல, இன்டெக்ஸ். அது வட்டில் எழுதப்படும்போதே சுருக்கி எழுதப்பட்ட சரக்கு. கரும்புச் சக்கையை மறுபடி ஆலையில் விட்டு என்ன சாறு எடுக்க முடியும்? கொஞ்சம் வரும், ஆனால் ஆலை ஓடுகிற செலவு அதைவிட அதிகம். அதனால் பக்கத்து சர்வர்கள் இரண்டிலும் அதை உடனே அணைத்துவிடுங்கள். தூரத்து சர்வருக்கு இருக்கட்டும், ஆனால் அங்கேயும் உண்மையான மருந்து அது இல்லை. 20 ஜிபியும் ஏன் ஒவ்வொரு தடவையும் போகிறது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், இதைத் தெரியாமல் எந்த அமைப்பைத் தொட்டாலும் குருட்டாம்போக்குதான். சோலர் 1.4க்கு முன்னால் (அது வந்தது 2009 நவம்பரில்) ரெப்ளிகேஷன் என்றால் ஷெல் ஸ்கிரிப்ட்தான். ஒரு ஸ்கிரிப்ட் ஹார்ட் லிங்க் போட்டு இன்டெக்ஸை ஸ்நாப்ஷாட் எடுக்கும், இன்னொன்று ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக அதை இழுக்கும், மூன்றாவது அதை இடத்தில் பொருத்தும். அந்த இழுக்கிற ஸ்கிரிப்டிலும் சுருக்கி அனுப்பு என்று ஒரு விருப்பம் இருந்தது. 1.4இல் இதையெல்லாம் தூக்கிவிட்டு எச்டிடிபி மேலேயே ஓடும் ரெப்ளிகேஷன் ஹேண்ட்லரைக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை அடிப்படை அதேதான். பெயர்கள்தான் மாறின, முன்பு மாஸ்டர், ஸ்லேவ் என்றிருந்ததை இப்போது லீடர், ஃபாலோயர் என்கிறோம்.

ஃபாலோயர் குறிப்பிட்ட இடைவெளியில் லீடரைக் கூப்பிட்டு, உன் இன்டெக்ஸ் எந்த வெர்ஷன், எந்த ஜெனரேஷன் என்று கேட்கும். தன்னிடம் இருப்பதும் அதுவும் ஒன்று என்றால் பேசாமல் போய்விடும். வேறு என்றால் அந்தக் கமிட்டில், அதாவது லீடர் கடைசியாகச் சேமித்த நிலையில், உள்ள கோப்புகளின் பட்டியலை வாங்கும். பெயர், அளவு, லூசின் (சோலருக்கு அடியில் இருக்கும் தேடல் நூலகம்) 4.8 முதல் ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் எழுதப்படும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண், இவற்றை ஒப்பிட்டு தன்னிடம் இல்லாத கோப்புகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்கும். லீடர் ஒவ்வொரு கோப்பையும் 1 எம்பி பாக்கெட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்சம் சேர்த்து அனுப்பும். நீங்கள் இன்டர்னல் என்று போட்டால், இந்தப் பாக்கெட் ஓட்டத்தை ஜாவாவின் டிஃப்ளேட் ஸ்ட்ரீம் ஒன்றுக்குள் நுழைத்து அனுப்புகிறது, அந்தப் பக்கம் இன்ஃப்ளேட் செய்து பிரிக்கிறது. ஜிஜிப்பில் இருக்கும் அதே டிஃப்ளேட்தான், ஜாவாவின் வழக்கமான லெவலில். லெவலைக் குறைக்கவோ வேறு அல்காரிதம் தேர்ந்தெடுக்கவோ அமைப்புக் கோப்பில் வழி கிடையாது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, கோப்புகள் வரிசையாகத்தான் போகின்றன, பத்து கோப்பு இருந்தால் பத்து த்ரெட் ஓடாது. வட்டிலிருந்து படித்து, சுருக்கி, சாக்கெட்டில் எழுதுகிற வேலை எல்லாம் ஒரே த்ரெட்டில் நடக்கிறது. லீடரில் 32 கோர் இருக்கட்டும், ஒரு ஃபாலோயருக்காகச் சுருக்குவது ஒரே கோர்தான். இரண்டாவது, சுருக்கின வடிவத்தை லீடர் எங்கும் சேமித்து வைப்பதில்லை. மூன்று ஃபாலோயர் கேட்டால் அதே கோப்பை மூன்று தடவை சுருக்கும். பிரிப்பது மலிவு, சுருக்குவதுதான் விலை, அந்த விலை முழுவதும் விழுவது லீடர் தலையில். ஏற்கெனவே இன்டெக்ஸிங்கும், சின்ன இன்டெக்ஸ் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கும் மெர்ஜும் ஓடி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதும் அதே இயந்திரம்தான்.

சரி, இன்டெக்ஸ் ஏன் மேற்கொண்டு சுருங்குவதில்லை? இன்டெக்ஸ் வட்டில் செக்மென்ட் என்ற துண்டுகளாகத்தான் இருக்கும், அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள், அளவில் பெரியவை சில வகைதான் இருக்கும். ஸ்டோர்டு ஃபீல்டுகள், அதாவது நீங்கள் தேடல் முடிவில் திருப்பிக் காட்டுகிற மூல வாசகம், எஃப்டிடி என்ற நீட்சி கொண்ட கோப்பில் இருக்கும். லூசின் 4.1 (2013 ஜனவரி) வரைக்கும் இது சுருக்கப்படாமல் அப்படியே கிடந்தது. அந்தக் காலத்தில் ரெப்ளிகேஷனில் கம்ப்ரஷன் போட்டவர்களுக்குப் பலன் தெரிந்ததற்கு இதுதான் காரணம், அப்போது எழுதிய குறிப்புகளைத்தான் இன்றும் பலர் எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். 4.1இலிருந்து ஸ்டோர்டு ஃபீல்டுகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து எல்இசட்4 என்ற சுருக்கும் முறையில் எழுதுவதுதான் இயல்புநிலை. டேர்ம் வெக்டர்களுக்கும் (ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ள சொற்களின் பட்டியல்) 4.2இல் அதே கதி. அப்புறம் போஸ்டிங்ஸ், எந்தச் சொல் எந்த ஆவணத்தில் என்ற பட்டியல். இதில் ஆவண எண்களை அப்படியே எழுதுவதில்லை, அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை எடுத்து, 128 எண்கள் கொண்ட கட்டுகளாக்கி, அந்தக் கட்டுக்கு எத்தனை பிட் போதுமோ அத்தனை பிட்டில் அடைக்கிறார்கள். எட்டு எட்டு பிட்டாகப் பார்க்கும் டிஃப்ளேட்டுக்கு, பிட் எல்லை பார்க்காமல் அடைத்த இந்தக் குவியலில் திரும்பத் திரும்ப வரும் வடிவம் ஏதும் கண்ணில் படாது. முடிவுகளை வரிசைப்படுத்தப் பயன்படும் டாக்வேல்யூஸும் பெரும்பாலும் இதே மாதிரிதான், எண்ணாக இருந்தால் தேவையான பிட், சொல்லாக இருந்தால் அகராதியும் அதற்கு வரிசை எண்ணும். அண்மையில் எல்லாரும் ஏற்றுகிற வெக்டர் ஃபீல்டுகளைக் கேட்கவே வேண்டாம், 32 பிட் ஃப்ளோட் எண்களின் வரிசை கிட்டத்தட்ட இரைச்சல் மாதிரி, எந்த ஜிப்பும் அதில் பெரிதாகப் பிழிய முடியாது.

எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி என்று சொல்லவில்லை. எல்இசட்4 வேகத்துக்காகச் செய்யப்பட்டது, திரும்ப வரும் துண்டுகளை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும், அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட் கொடுக்கும் ஹஃப்மன் குறியீடு மாதிரி இரண்டாவது படி அதில் கிடையாது. அதனால் எல்இசட்4ஆல் சுருக்கிய எஃப்டிடி கோப்பை டிஃப்ளேட்டில் விட்டால் இன்னும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். உங்கள் தூரத்து சர்வர் கொஞ்சம் முன்னேறியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். இதை யாரையும் நம்பாமல் நீங்களே பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. ஒரு பெரிய செக்மென்ட்டின் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுத்து, ஒவ்வொரு வகையையும் தனித்தனியே ஜிஜிப் செய்து, முன் அளவு பின் அளவு குறித்துக்கொள்ளுங்கள். கூடவே எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் குறியுங்கள், அதுதான் பலர் மறப்பது. கோப்பு எத்தனை சதவீதம் சுருங்கியது என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

ஏனென்றால் இங்கே ஓடுவது இரண்டு குழாய். ஒன்று நெட்வொர்க், இன்னொன்று சுருக்கும் கோர். எது குறுகலோ அதன் வேகம்தான் மொத்த வேகம். டிஃப்ளேட் ஒரு கோரில் வினாடிக்குச் சில பத்து எம்பி ஓடும், உங்கள் இயந்திரத்தில் 40 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 1 கிகாபிட் லைனில் நடைமுறையில் வினாடிக்கு 115 எம்பி போகும். சுருக்காமல் 20 ஜிபி அனுப்ப ஏறக்குறைய 3 நிமிடம். சுருக்கினால்? லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் கோர் 40 எம்பிக்கு மேல் விழுங்காது, ஆக 500 வினாடி, 8 நிமிடத்துக்கு மேல். கோப்பு பாதியாகச் சுருங்கினாலும் இதே 8 நிமிடம்தான், ஏனென்றால் இடிப்பது லைன் அல்ல. 10 கிகாபிட் நெட்வொர்க் என்றால் நிலைமை இன்னும் கேலிக்கூத்து. இப்போது 100 மெகாபிட் லைனுக்கு வாருங்கள், வினாடிக்கு 12 எம்பி. சுருக்காமல் 28 நிமிடம். இங்கே கோரின் 40 எம்பி தாராளம், லைன்தான் குறுகல், அதனால் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவும் நேரத்தில் மிச்சம். ஆனால் 15 சதவீதம்தான் சுருங்கினால் 28 நிமிடம் 24 நிமிடமாகும், அவ்வளவுதான். நீங்கள் சொன்ன அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறதா பாருங்கள்.

இது சோலர் ஆட்களுக்குத் தெரியாததும் அல்ல. அவர்களுடைய மாதிரி அமைப்புக்கு மேலேயே, பேண்ட்விட்த் குறைவாக இருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், லேனுக்குள் (உள்ளூர் நெட்வொர்க்கில்) இது ரெப்ளிகேஷனை மெதுவாக்கக்கூடும் என்று எச்சரிக்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் கீழே உள்ள வரியை மட்டும் நகலெடுப்பது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம், நானும் செய்திருக்கிறேன்.

'எக்ஸ்டர்னல்' என்று இன்னொரு மதிப்பு இருக்கிறதே, அது வேகமா என்று அடுத்து கேட்பீர்கள். அது சுருக்கும் வேலையை சோலரிடமிருந்து எடுத்து வெப் சர்வரிடம் கொடுப்பது. ஃபாலோயர், நான் ஜிஜிப் ஏற்பேன் என்று எச்டிடிபி ஹெடரில் சொல்லும், லீடர் பக்கத்துச் சர்வர் அதை மதித்துச் சுருக்க வேண்டும். வரப்போவது அதே டிஃப்ளேட், அதனால் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வெப் சர்வர்கள் பொதுவாக எல்லாவற்றையும் சுருக்குவதில்லை, எந்த வகை உள்ளடக்கம் என்று பார்த்துத்தான் சுருக்கும். சோலரை டாம்கேட்டில் ஏற்றி ஓட்டிய காலத்தில் (சோலர் 5 வந்த பிறகு அந்த வழி ஆதரவில் இல்லை, ஜெட்டியோடு சேர்ந்தேதான் வருகிறது) டாம்கேட்டின் இயல்பான பட்டியலில் எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல், சாதாரண டெக்ஸ்ட் இப்படித்தான் இருந்தன. ரெப்ளிகேஷன் ஓட்டமோ ஆக்டெட் ஸ்ட்ரீம் என்ற பொத்தாம்பொதுவான பைனரி வகையில் போகிறது. விளைவு, அமைப்பில் கம்ப்ரஷன் இருக்கும், கம்பியில் இருக்காது, யாரும் பிழைச் செய்தியும் காட்டமாட்டார்கள். அதனால் எக்ஸ்டர்னல் போட்டால் நெட்வொர்க் கவுன்டரைப் பார்த்து உறுதிசெய்யாமல் விடாதீர்கள். நடுவில் ரிவர்ஸ் ப்ராக்ஸி இருந்தால் இன்னும் ஒரு தடவை கூடுதலாகப் பாருங்கள்.

இனி அந்த முக்கியமான கேள்வி. 20 ஜிபியும் ஏன் ஒவ்வொரு தடவையும் போகிறது?

லூசின் செக்மென்ட் ஒருமுறை எழுதப்பட்டால் மாறாது. புது ஆவணம் வந்தால் புது செக்மென்ட், அழித்தால் அழிந்தது யார் என்ற குறிப்பு மட்டும் தனிக் கோப்பில். ரெப்ளிகேஷன் மொத்தமும் நிற்பது இந்த ஒரு குணத்தின் மேல்தான். ஒரு மணி நேரத்தில் 50 எம்பி புதிதாக வந்தால் கம்பியில் போக வேண்டியதும் 50 எம்பியை ஒட்டித்தான். 20 ஜிபி போகிறது என்றால் யாரோ மொத்த செக்மென்ட்டுகளையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள், அல்லது ஃபாலோயர் தன்னிடம் இருப்பதை நம்ப மறுக்கிறது.

முதலாவதுக்கு நான் பார்த்த கதை. சில வருடத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் தேடல் அணியில் வேலை. தினமும் அதிகாலை ஃபாலோயர்கள் எல்லாம் ஒரு மணி நேரம் திணறும், நெட்வொர்க் அணியோடு தினம் சண்டை. கம்ப்ரஷன் போட்டோம், மோசமானது, எடுத்தோம். கடைசியில் குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் பழைய கிரான் பட்டியலைப் புரட்டினால், எங்களுக்கு முன் இருந்த யாரோ நள்ளிரவில் ஆப்டிமைஸ் ஓடும்படி ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆப்டிமைஸ் என்ற பெயரே ஒரு பொறி, கேட்டால் நல்லது செய்வது போலத் தோன்றும். சோலர் 7.5க்கு முன் அது இயல்பாகச் செய்தது எல்லாச் செக்மென்ட்டுகளையும் படித்து ஒரே பெரிய செக்மென்ட்டாக மறுபடி எழுதுவது (இப்போதும் ஒரே செக்மென்ட் வேண்டும் என்று கேட்டால் அதையேதான் செய்யும்). புதுக் கோப்பு, புதுப் பெயர். ஃபாலோயர் பட்டியலை ஒப்பிடும்போது தன்னிடம் ஒன்றுகூட இல்லை, முழுவதையும் இழுக்கத் தொடங்கிவிடும். அன்றைக்கு மாறிய ஆவணங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. அந்த ஒரு வரியை எடுத்ததும் திணறலும் போயிற்று, நெட்வொர்க் அணியோடு சண்டையும் போயிற்று (நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்). உங்கள் ரெப்ளிகேஷன் அமைப்பில் எதற்குப் பிறகு ரெப்ளிகேட் செய்வது என்ற இடத்தில் ஆப்டிமைஸ் என்று இருக்கிறதா, எங்காவது ஒரு ஸ்கிரிப்ட் அதைக் கூப்பிடுகிறதா, இதை முதலில் பாருங்கள்.

ஆப்டிமைஸ் இல்லாவிட்டாலும் சாதாரண மெர்ஜ் இதே வேலையைச் சிறிய அளவில் செய்துகொண்டேதான் இருக்கும். பத்துச் சின்ன செக்மென்ட் சேர்ந்து ஒரு நடுத்தரம், பத்து நடுத்தரம் சேர்ந்து ஒரு பெரியது. மேலே ஒரு உச்சவரம்பு உண்டு, இயல்பாக 5 ஜிபி, அதற்கு மேல் தானாக மெர்ஜ் ஆகாது. ஆக ஒரே ஆவணம் தன் ஆயுளில் சில தடவை புதுக் கோப்பில் எழுதப்படும், ஒவ்வொரு தடவையும் கம்பியேறி மூன்று ஃபாலோயருக்கும் போகும். செக்மென்ட்டை நகலெடுக்கும் முறைக்கு இது கூடப்பிறந்த செலவு. ஃபாலோயரில் இன்டெக்ஸிங் சிபியு மிச்சம், அதற்கு நெட்வொர்க்கில் விலை கொடுக்கிறோம். சில நாள் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று 5 ஜிபி ஒரே மூச்சில் போனால் பயப்பட வேண்டாம், பெரிய மெர்ஜ் ஒன்று முடிந்திருக்கும்.

இரண்டாவது வகை, ஃபாலோயர் நம்ப மறுப்பது. ஃபாலோயரின் ஜெனரேஷன் எண், அதாவது கமிட்டுக்குக் கமிட் ஏறும் எண், லீடருடையதைவிட முன்னால் போய்விட்டால், இரண்டும் ஒரே வம்சம் இல்லை என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் புதிதாக இழுக்கும். இது எப்படி நடக்கும் என்றால், யாராவது தெரியாமல் ஃபாலோயருக்கே நேரடியாக ஆவணம் அனுப்பி கமிட் செய்திருப்பார்கள், அல்லது லீடரின் இன்டெக்ஸை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டியிருப்பார்கள். ஃபாலோயர் லாகில் பதிவிறக்கம் தொடங்கும் வரியில் ஃபுல்காப்பி ட்ரூவா ஃபால்ஸா என்று எழுதியிருக்கும், அதைத் தேடுங்கள். ட்ரூ என்று அடிக்கடி வந்தால் கம்ப்ரஷனைப் பற்றி நினைக்கவே வேண்டாம், முதலில் ஃபாலோயருக்கு எழுதுகிற ஆளைக் கண்டுபிடியுங்கள். முழு நகல் இறங்கும்போது பழைய இன்டெக்ஸும் கூடவே கிடக்கும், அந்த நேரத்தில் வட்டில் இரட்டிப்பு இடம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுருக்குவதற்குச் சரியான இடம் எது என்று என்னைக் கேட்டால், அனுப்பும்போது அல்ல, எழுதும்போது. லூசின் 5.0இலிருந்து (2015) ஸ்டோர்டு ஃபீல்டுகளுக்கு பெஸ்ட் கம்ப்ரஷன் என்று ஒரு முறை உண்டு, எல்இசட்4க்குப் பதில் இன்னும் பெரிய துண்டுகளாக எடுத்து டிஃப்ளேட்டில் எழுதும். சோலரில் கோடெக் ஃபேக்டரி அமைப்பில் கம்ப்ரஷன் மோட் என்று ஒரு வரி. லீடர் செக்மென்ட்டை எழுதும்போது ஒரு தடவை சுருக்கும், அதற்குப் பிறகு மூன்று ஃபாலோயர் என்ன முப்பது ஃபாலோயர் வந்தாலும் சுருங்கின கோப்பு அப்படியே போகும், வட்டிலும் ஓஎஸ் கேஷிலும் இடம் மிச்சம். விலை இல்லாமல் இல்லை, தேடல் முடிவில் ஆவணங்களை எடுத்துக் காட்டும்போது பிரிக்கிற நேரம் கொஞ்சம் கூடும். ஒரு பக்கத்துக்குப் பத்து முடிவு காட்டுகிற இடத்தில் பெரும்பாலும் அது தெரியாது, ஒரே கேள்வியில் ஆயிரக்கணக்கில் ஆவணம் அள்ளுகிறவர்களுக்குத் தெரியும். மாற்றினால் பழைய செக்மென்ட்டுகள் தானாக மாறாது, மெர்ஜ் ஆகும்போதுதான் புது வடிவத்துக்கு வரும். இதைப் போட்ட பிறகு ரெப்ளிகேஷனில் இன்டர்னல் வைத்திருப்பதில் பெரிய அர்த்தம் இல்லை, எஃப்டிடியில் மிச்சமிருந்த அந்தக் கொஞ்சச் சாறும் போய்விட்டது.

அதைவிடவும் மலிவானது தேவையில்லாததை ஏற்றாமல் இருப்பது. முடிவில் காட்டாத ஃபீல்டுக்கு ஸ்டோர்டு எதற்கு? ஹைலைட் செய்யாத ஃபீல்டுக்கு டேர்ம் வெக்டர் எதற்கு? காப்பிஃபீல்டு போட்டு ஒரே வாசகத்தை நான்கு இடத்தில் சேமித்திருப்பதை நான் எத்தனை ஸ்கீமாவில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அங்கே ஜிபி கணக்கில் குறையும், ஒரு சிபியு சுழற்சிகூடச் செலவில்லை.

லூசின் மேலேயே கட்டப்பட்ட இன்னொரு தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் பக்கம் போய்ப் பார்த்தால் இதே முடிவுக்கு அவர்களும் வந்திருப்பது தெரியும். அங்கே இயல்பான முறை வேறு, செக்மென்ட்டை நகலெடுப்பதில்லை, ஆவணத்தையே ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் அனுப்பி அங்கங்கே இன்டெக்ஸ் செய்கிறார்கள். ஆவணம் என்றால் ஜேசன், ஒரே ஃபீல்டு பெயர் ஆயிரம் தடவை திரும்பத் திரும்ப வரும், அது நன்றாகச் சுருங்கும். நோடுகளுக்கு இடையிலான போக்குவரத்தைச் சுருக்குவதற்கு அவர்களிடம் மூன்று நிலை உண்டு, எல்லாவற்றையும் சுருக்கு, எதையும் சுருக்காதே, இன்டெக்ஸிங் டேட்டாவை மட்டும் சுருக்கு. 8ஆம் பதிப்பில் இயல்புநிலை மூன்றாவதுதான், அதுவும் எல்இசட்4இல். அந்த இன்டெக்ஸிங் டேட்டா என்பதற்குள் லூசின் கோப்புகளை நகர்த்துவது சேராது என்று ஆவணத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். கரும்பை ஆலையில் விடு, சக்கையை விடாதே, அவ்வளவுதான். ஷார்டு (இன்டெக்ஸின் ஒரு பகுதி) மீட்பின்போது லூசின் கோப்புகள் போவதற்கு அங்கே தனியாக வேகக் கட்டுப்பாடு உண்டு, நீண்ட காலமாக வினாடிக்கு 40 எம்பி என்பதுதான் இயல்பு. பலர் கம்ப்ரஷன் அமைப்பைத் திருகிக்கொண்டிருக்கும்போது உண்மையில் தடுத்துக்கொண்டிருப்பது அந்த 40தான்.

இனி உங்கள் தூரத்து சர்வர். அங்கே லைன் குறுகல் என்பது உண்மை, அதனால் இன்டர்னல் இருக்கட்டும். அந்த அமைப்பு எழுதப்படுவது ஃபாலோயர் பக்கம்தான், கேட்கிறவர்தான் சுருக்கித் தா என்று கேட்கிறார், ஆகவே அந்த ஒரு சர்வரில் மட்டும் வைத்துக்கொள்வதில் சிக்கல் எதுவும் இல்லை. எல்லா சர்வருக்கும் ஒரே அமைப்புக் கோப்பைத் தள்ளுகிறீர்கள் என்றால் அந்த மதிப்பை மட்டும் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாக வெளியே எடுத்துவிடுங்கள். லைன் விபிஎன் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். விபிஎன்னே சுருக்குகிறது என்றால் இரண்டில் ஒன்றை அணையுங்கள். டிஎல்எஸ் போட்டிருந்தால் சுருக்கம் மறையாக்கத்துக்கு முன்னால்தான் நடக்க வேண்டும், மறையாக்கம் ஆன பிறகு எதுவும் சுருங்காது. சோலரின் இன்டர்னல் அந்த வரிசையில்தான் வேலை செய்கிறது, கவலை வேண்டாம்.

தூரம் என்றால் பேண்ட்விட்த் மட்டும் அல்ல, தாமதமும் உண்டு. ஒரே டிசிபி இணைப்பில் ஒரு ரவுண்டு ட்ரிப்புக்கு ஒரு விண்டோ அளவுதான் போகும். விண்டோ 1 எம்பி, போய்வர 100 மில்லிசெகண்ட் என்றால் லைன் எத்தனை கிகாபிட்டாக இருந்தாலும் வினாடிக்கு 10 எம்பிக்கு மேல் தாண்டாது. கோப்புகள் வரிசையாகப் போவதால் இன்னொரு இணைப்பு வந்து மிச்சத்தை நிரப்பவும் போவதில்லை. நாளை நீங்கள் லைனை அகலமாக்கியும் வேகம் ஏறவில்லை என்றால் இரண்டு பக்கமும் டிசிபி பஃபர் உச்சவரம்பைப் பாருங்கள். அந்த ஊரில் இன்னும் இரண்டு மூன்று சர்வர் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றையும் தூரத்து லீடரோடு கட்டாதீர்கள். அங்கே ஒன்றை ரிப்பீட்டராக வையுங்கள், அதாவது லீடருக்கு ஃபாலோயர், மற்றவற்றுக்கு லீடர். நீண்ட கம்பியில் ஒரு தடவைதான் போகும், மற்றவை உள்ளூரில் சுருக்காமல் இழுத்துக்கொள்ளும்.

மெதுவான லைனில் இன்னொரு வம்பு உண்டு, இதை யாரும் கம்ப்ரஷனோடு சேர்த்துச் சொல்வதில்லை. ஃபாலோயர் ஒரு கமிட்டின் கோப்புகளை இழுத்துக்கொண்டிருக்கும்போதே லீடரில் அடுத்தடுத்து கமிட்டும் மெர்ஜும் ஆகி, பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிடலாம். அதைத் தடுக்க லீடர் அந்தக் கமிட்டைக் குறிப்பிட்ட நேரம் பிடித்துவைத்திருக்கும், பாக்கெட்டுகள் போகப் போக அந்த நேரத்தை நீட்டித்துக்கொண்டே இருக்கும். கமிட் ரிசர்வ் டியூரேஷன் என்று பெயர், இயல்பாக 10 வினாடி. லைன் விட்டுவிட்டு வந்தாலோ, லீடர் சுருக்குவதில் மூச்சுத் திணறி பாக்கெட்டுகள் தாமதித்தாலோ அந்த 10 வினாடி போதாமல் போகலாம், பாதி இழுத்த பிறகு கோப்பைக் காணோம் என்று விழும், மறுபடி தொடங்கும், மறுபடி விழும். வெளியிலிருந்து பார்த்தால் ரெப்ளிகேஷன் மெதுவாக இருக்கிறது என்றுதான் தெரியும். உங்கள் தூரத்து சர்வரின் லாகில் அப்படித் தோல்விகள் இருந்தால் அதை 1 நிமிடம் ஆக்கிப் பாருங்கள், லீடரில் பழைய கோப்புகள் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடக்கும், அவ்வளவுதான் இழப்பு.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நேரம் பார்க்காமல் கம்ப்ரஷன் போடச் சொல்வேன், போக்குவரத்துக்கு ஜிபி கணக்கில் காசு வாங்கும் கிளவுடில், வேறு வேறு ரீஜியனுக்கு இடையில் இழுக்கும்போது. அங்கே 15 சதவீதம் என்றாலும் மாதக் கடைசியில் பில்லில் தெரியும், நேரம் கொஞ்சம் கூடினால் கூடட்டும். ஆனால் அப்போதும் பெஸ்ட் கம்ப்ரஷன் முதலில், இது இரண்டாவது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். இன்று பக்கத்து சர்வர்கள் இரண்டிலும் இன்டர்னலை எடுங்கள். அப்புறம் மூன்று சர்வரின் லாகிலும் ஃபுல்காப்பி எத்தனை தடவை ட்ரூ என்று எண்ணுங்கள், கிரானில் ஆப்டிமைஸ் இருக்கிறதா பாருங்கள். ரெப்ளிகேஷன் ஹேண்ட்லரிடம் டீட்டெய்ல்ஸ் கமாண்டை அனுப்பினால் அந்த நேரத்தில் எத்தனை கோப்பு, எத்தனை பைட், என்ன வேகம் என்று எல்லாம் காட்டும், ஒரு வாரம் அதைக் குறித்து வையுங்கள். அந்த எண்களோடு, பெரிய செக்மென்ட் ஒன்றை ஜிஜிப் செய்து பார்த்த அளவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். பெஸ்ட் கம்ப்ரஷனுக்கு மாறுவது உங்களுக்கு லாபமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.